நோயாளி வேஷம் யாருக்கு?

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பேரோ வள்ளல் பேரோ வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். அடிவாரத்துக் காலனியில் பிறந்து தமிழ் எம்.ஏ. படித்தவள் நான்; பஸ்ஸில் ஏறினால் அந்தப் பேர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவது பழக்கம். போன வருஷம் அப்படிச் சொல்லிக்கொண்டு போனது, மேலே ஒரு விடுதியில் நடந்த இரண்டு நாள் பயிலரங்குக்கு. கூட்டியவர்கள் மறுவாழ்வு சிகிச்சைத் துறைக்காரர்கள். என்னைப் பேசக் கூப்பிடவில்லை. அவர்களுடைய ஆங்கிலப் படிவங்களை 'எளிய தமிழில், கிராமத்து ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி' ஆக்கித்தர ஒரு ஆள் வேண்டியிருந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. கூலி என்றுதான் எழுதுகிறேன், சன்மானம் என்று பூசி மெழுகத் தேவையில்லை.

அந்த இரண்டு நாளில் 'தொழில்' என்கிற சொல்லை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். 'சாதி' என்கிற சொல்லை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தொழிலைப் பற்றி இரண்டு நாள் பேசிவிட்டுச் சாதியைத் தொடாமல் கீழே இறங்கிப்போக இந்த நாட்டில் எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும்! அந்தச் சாமர்த்தியத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்குபேஷனல் தெரபி என்று ஒரு மருத்துவத் துறை. தமிழில் தொழில்வழிச் சிகிச்சை, செயல்முறை மருத்துவம் என்று ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவர், மிஷினில் கை நசுங்கியவர், தலையில் அடிபட்டவர், மனநோய்க்காரர், வளர்ச்சி தாமதமான குழந்தை, இவர்களைத் தானே சோறு தின்ன, துணி உடுத்த, வேலைக்குப் போக வைப்பது இதன் காரியம். பிசியோதெரபி தசையையும் மூட்டையும் பார்க்கும். இது, அந்தக் கை இனி என்ன செய்யும், என்ன வேலைக்குப் போகும் என்று பார்க்கும். மனிதன் செய்கிற காரியமே மனிதனை முழுசாக்குகிறது, வேலையே மருந்து என்பது இந்தத் துறையின் வேதம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்த அன்றைக்கே இந்த வேதம் ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: இங்கே மனிதன் வேலையைப் பிடித்துக்கொள்கிறானா, வேலை மனிதனைத் தொட்டிலிலேயே பிடித்துக்கொள்கிறதா?

கேட்கத் தூரம் போக வேண்டியதில்லை. இந்தத் துறையின் முதல் பள்ளி 1950-இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் ஆரம்பிக்கப்பட்டது. ஆரம்பித்தவர் கமலா நிம்ப்கர், அமெரிக்காவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். ஆஸ்பத்திரி இருப்பது பரேலில். அதே பரேலில் மில் தொழிலாளிகள் குடியிருந்த பி.ஐ.டி. சால் என்னும் வரிசைக் கட்டிடத்தில்தான் அம்பேத்கர் பல வருஷம் குடும்பத்தோடு வாழ்ந்தார். 1936-இல், லாகூர்க்காரர்கள் கூப்பிட்டுவிட்டுப் பேச விடாமல் செய்த உரையை அவர் சொந்தச் செலவில் அச்சடித்தார். சாதி என்பது வேலையைப் பங்குபோடுகிற ஏற்பாடு என்றவர்களுக்கு அதில் அவர் பதில் சொன்னார்: வேலையைப் பங்குபோடுவதோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே கூறுபோட்டு, ஒருத்தர் தலைமேல் ஒருத்தராக அடுக்கி வைத்திருக்கிறது சாதி. அவரவர் திறமையும் விருப்பமும் அதில் செல்லாது. விருப்பமில்லாத வேலையில் மனசும் மூளையும் ஒட்டாது. தொழில் சிகிச்சைப் படிப்பின் முதல் பாடமாக வைக்க இதைவிடப் பொருத்தமான ஒன்றை எனக்குத் தெரியவில்லை. 1952-இல் அகில இந்தியச் சங்கம் வைத்தார்கள். அதே வருஷம் உலகச் சம்மேளனம் அமைந்தபோது அதைத் தொடங்கிய நாடுகளில் ஒன்றாக இந்தியாவும் உட்கார்ந்தது. உலகமெல்லாம் போய் உட்கார்ந்தவர்கள் பக்கத்துத் தெரு சாலுக்குப் போனார்களா?

என் அம்மாவின் கையிலிருந்து தொடங்குகிறேன்.

அம்மா கல்யாணமாகி வந்த புதுசில் ஆம்பூர்ப் பக்கம் தோல்ஷாப்பு வேலைக்குப் போனாள். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைத் தூக்கிப்போடுவது, உப்புத் தட்டுவது. அந்தச் சுண்ணாம்பு தின்ற விரலிடுக்குகளை நான் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் வெடித்து ரத்தம் வரும், சோறு பிசைய முடியாது, ஆயாதான் ஊட்டிவிடும். அப்புறம் ஷூ கம்பெனிகள் வந்தன. அம்மாவும் மாறினாள். 2011-இல் ஒரு அழுத்து மிஷினில் வலது கை மாட்டியது. ஆள்காட்டி விரல் முழுசாகப் போயிற்று. நடுவிரல் மடங்கினபடி விறைத்துவிட்டது.

விரலுக்கு இந்த நாட்டில் விலைப்பட்டியல் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் எல்லாம் எழுதி வைத்திருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் நஷ்டம். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. (ஏகலைவனிடம் துரோணர் வாங்கின கட்டணம் இந்தக் கணக்குப்படி 30 சதவீதம் என்பதை மகாபாரத ரசிகர்கள் குறித்துக்கொள்ளலாம்.) அம்மாவுக்கு இன்சூரன்ஸ் அட்டை இருந்ததால் ஏதோ கிடைத்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று மேல்தோல் தைக்கிற பெண்கள் ஆம்பூர்ச் சுற்றுவட்டாரத்தில் தெருத்தெருவாக இருக்கிறார்கள். நூல் இழுத்து இழுத்து அவர்கள் விரல் அறுபட்டால் எந்தக் கம்பெனியின் பேரேட்டிலும் அந்த விரல் இல்லை.

அம்மாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பேர் வேண்டாம். அங்கேதான் முதன்முதலில் தொழில் சிகிச்சைக்காரரைப் பார்த்தேன். சின்னப் பெண். கெட்டவள் இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். அம்மாவின் கையை மெழுகுத் தொட்டியில் முக்கி எடுத்து, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள். அம்மாவின் கையை வீட்டு மனுஷர் அல்லாத ஒருத்தர் அவ்வளவு நேரம் பிடித்திருந்து நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு ஃபைலைத் திறந்து அந்தப் பெண் கேட்டாள், "என்ன வேலை செய்றீங்கம்மா?" "தோல் வேலை." எழுதிக்கொண்டாள். சிகிச்சையின் குறிக்கோள் என்ற இடத்தில் 'பழைய தொழிலுக்குத் திரும்புதல்' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கேட்டது இது:

"அந்த மிஷினுக்கே திரும்பிப் போறதுக்கா இவ்ளோ வைத்தியம்?"

அடுத்த வாரம் அந்தப் பெண் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னாள். "கம்பெனிக்குப் போக இஷ்டமில்லேன்னா வீட்டு முன்னாடியே சின்னதா ஒரு இட்லிக் கடை போடுங்களேன். மாவு கரைக்கிறது, ஊத்தறது எல்லாம் கைக்கு நல்ல எக்சர்சைஸ்." அம்மா சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க கையால சுட்டா ஊர்த்தெருவுல எவன்மா வாங்கித் துன்னுவான்? காலனிக்காரன் கடன் சொல்லித் துன்னுட்டுப் பூடுவான்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அவள் படிப்பு அன்றைக்கு முழுமை அடைந்திருக்கும். மூன்று வாரம் வேலை கெட்டு, பஸ் சார்ஜ் கெட்டு, அம்மா போவதை நிறுத்திவிட்டாள். கடைசியாக ஃபைலை வாங்கப் போனபோது பார்த்தேன். 'மோட்டிவேஷன் - புவர்' என்று எழுதியிருந்தது. நோயாளிக்கு ஊக்கம் குறைவாம். ஊர்த்தெரு இட்லி வாங்காது என்கிற உண்மை என் அம்மாவின் மனக்கோளாறாகப் பதிவாகிவிட்டது.

சாதி வேலை செய்கிற முறை இதுதான். யாரும் யாரையும் அடிக்கவில்லை, வையவில்லை, சேரிக்காரி எட்டி நில் என்று சொல்லவில்லை. படிவத்தில் சாதிக்கு இடமில்லாததால், சாதி செய்த காரியம் எல்லாம் நோயாளியின் கணக்கில் ஏறுகிறது.

மலை விடுதியில் எனக்கு மொழிபெயர்க்கக் கொடுத்த தாள்களில் ஒன்று 'பார்தெல் அளவுகோல்'. 1965-இல் அமெரிக்காவில் வந்தது, உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஒருவர் அன்றாடக் காரியங்களை எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று 100-க்கு மார்க் போடும். சோறு தின்ன 10, குளிக்க 5, கழிவறை உபயோகிக்க 10, மாடிப்படி ஏற 10. எழுதிக்கொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் ஆயா 80 வயசு வரை விறகு சுமந்தவள். அவள் வீட்டில் கழிவறையும் இல்லை, மாடிப்படியும் இல்லை. பிறந்த அன்றைக்கே 20 மார்க் போயிற்று! நடந்துகொண்டிருந்த அமர்வில் 'கழிவறைப் பயிற்சி' பற்றி ஒருத்தர் வெகு நேரம் பேசினார். நோயாளியின் கண்ணியம், சுயசார்பு. எல்லாம் சரி. வார்டுகளில் அந்தப் பீங்கானைக் கழுவுகிற கான்ட்ராக்ட் பெண்களின் கண்ணியம் எந்தத் துறையின் பாடம் என்று அவர் சொல்லவில்லை. மத்தியானம் விடுதியில் இலை எடுத்தவர்கள் மலைக்குச் சொந்தக்காரர்களான மலையாளிப் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய தொழில் வரலாற்றையும் யாரும் விசாரிக்கவில்லை.

இனி, இதை எழுத என்னைத் தூண்டியவளைப் பற்றி.

என் அக்கா மகள் இந்தப் படிப்பைப் படித்தாள். ஆயாவுக்கு வந்த பக்கவாதமும் அம்மாவின் கையும்தான் காரணம். பிளஸ் டூவில் நல்ல மார்க். நாலரை வருஷப் படிப்பு, கடைசி ஆறு மாசம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. நம் மாநிலத்தில் இதைச் சொல்லிக்கொடுப்பவை பெரும்பாலும் தனியார் கல்லூரிகள். அரசு ஒதுக்கீட்டு இடத்தில் 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் கிடையாது. தனியார் கல்லூரிகளில் இடஒதுக்கீட்டுக்கு வழி செய்த 93-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் (2005) சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. சேவை, கருணை, தொண்டு என்று மருத்துவப் படிப்பு வளர்த்தவர்களில் பலர் அந்த விலக்குக்குள் வசதியாக நிற்கிறார்கள். அதையெல்லாம் தாண்டி ஒருத்தி உள்ளே நுழைந்தால்? படிக்கப் போகிறவளுக்குத்தான் ஒதுக்கீடு. மார்க் போடுகிற நாற்காலிக்குத் தனியார் கல்லூரியில் ஒதுக்கீடு இல்லை. இவள் படித்த நாலு வருஷத்தில் இவளுக்கு வகுப்பெடுத்தவர்களில் நம்மவர் என்று ஒருவரைக்கூட இவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருந்திருந்தாலும் மறைத்துக்கொண்டு இருந்திருப்பார்.

இந்தப் படிப்பில் மாணவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் பழக வேண்டும். ஒருத்தி நோயாளி, ஒருத்தி சிகிச்சைக்காரி. கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது, சட்டை போட்டுவிடுவது, ஊட்டிவிடுவது. மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்பது முறை. முதல் வருஷம் முடிந்து வந்தபோது இவள் சொன்னாள்:

"சித்தி, எப்பப் பாத்தாலும் என்னையே பேஷண்டா படுக்க வெக்கறாங்க."

"நீ ஒல்லியா கீற, தூக்க ஈஸியா இருக்கும்னு வெச்சிருப்பாங்க" என்று அக்கா சமாதானம் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன். இவள் மெல்லச் சொன்னாள், "ஊட்டிவிடற கிளாஸ்ல நான் தெரபிஸ்டா இருக்கணும்னா, என் கையால அவ வாங்கித் துன்னணும் இல்ல?"

நாங்கள் இரண்டு பேரும் வாயடைத்துப்போனோம். அம்மாவின் இட்லிக் கடை இருபது வயசுப் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

அப்புறம் பயிற்சிச் சமையலறை. இந்தத் துறையில் ஒரு சின்னச் சமையற்கட்டு வைத்திருப்பார்கள், நோயாளிகள் ஒரு கையால் காய் நறுக்கிப் பழக. இவளுக்கு அதில் பாத்திரம் எண்ணி வைக்கிற பொறுப்பு. கைக்கு அச்சுப்பட்டை செய்கிற வகுப்பில் தோல்வார் வெட்டித் தைக்க வேண்டியிருந்தது. இவள் அழகாகத் தைத்தாள். ஆசிரியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். காட்டிவிட்டு, "கை நல்லா வருதே, குடும்பத் தொழிலா?" என்றார். வகுப்பு சிரித்தது. அந்த அம்மையாரிடம் கேட்டால் பாராட்டித்தானே சொன்னேன் என்பார். சாதி இந்துக்கள் நம்மைப் பாராட்டும்போது அதிகக் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. வயிற்றில் கத்தி இறங்கினது வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றின பிறகுதான் தெரியும். களப்பயிற்சிக்குப் பிரித்து அனுப்பியபோது மற்றவர்கள் சென்னையில் குழந்தைகள் மையங்களுக்கும் நரம்பியல் பிரிவுக்கும் போனார்கள். இவளைக் காலனிகளுக்கு அனுப்பினார்கள். "உங்க ஜனங்க உன்கிட்ட மனசு விட்டுப் பேசுவாங்க" என்று காரணமும் சொன்னார்கள். செய்முறைத் தேர்வில் 'நடத்தை, தோற்றம், பேச்சு' என்று உள்மதிப்பீடு. அதில் இவளுக்கு எப்போதும் பாஸ் ஆகிற மார்க்குக்கு மேல் விழுந்ததில்லை.

பாஸ் பண்ணிவிட்டாள். சென்னையில் ஒரு மையத்தில் வேலை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும். முதல் நாள் முதல் கேள்வி ஊர் எது. அடுத்தது ஆம்பூரில் எந்தப் பக்கம். அடுத்தது, நான்வெஜ் சாப்பிடுவீங்களா? ஒரு வீட்டில் தண்ணீருக்குத் தனி டம்ளர். குழந்தை இவள் மடியை விட்டு இறங்கவில்லை. குழந்தையின் பாட்டிக்கு அது பொறுக்கவில்லை. நாலு மாசத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் 'வேற தெரபிஸ்ட் அனுப்புங்க' என்றார்கள். மையத்துக்காரர், "உன் வேலையில குறை இல்லம்மா, பேரண்ட்ஸ் கம்ஃபர்ட்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். இப்போது ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி பெங்களூரில் ஒரு மையத்துக்குப் போய்வருகிறாள். "அங்க எங்க தெரு பேரு எவனுக்கும் தெரியாது சித்தி" என்கிறாள். ஒரு பட்டதாரி தன் தெருப் பேர் தெரியாத ஊரைத் தேடி நூறு மைலுக்குப் பக்கம் ரயிலில் போகிறாள்.

விடுதியில் சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் ஒரு மூத்தவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நாங்க பேஷண்ட்டைத்தான் பாக்கறோம், சாதி பாக்கறதில்லே" என்றார். எத்தனை தடவை கேட்டாயிற்று இந்த வாக்கியத்தை! கையைப் பார்க்கிறவர் கை செய்த வேலையைப் பார்க்க வேண்டும். வேலையைப் பார்த்தால், அந்த வேலையில் இந்த உடம்பு எப்படி மாட்டியது என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, மூடிக்கொண்டதையே நடுநிலை என்றால் அது என்ன வைத்தியம்?

வெளிநாட்டில் இந்தத் துறையின் கதையை எடுத்துப் படித்தேன். நம் கதையை அடுத்தவர் வீட்டில் பார்க்கிற மாதிரி இருந்தது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் 1911-இல் கறுப்பு மக்களுக்கென்று தனி மனநல ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்கள். பிற்பாடு கிரௌன்ஸ்வில் என்று பேர். அதைக் கட்டியது யார்? நோயாளிகள். முதலில் கொண்டுவந்த 12 கறுப்பு ஆண்களை வைத்துக் காட்டைத் திருத்தி வேலையைத் தொடங்கினார்கள். வயல் வேலை, கட்டிட வேலை, துணி வெளுப்பு. அதே மாநிலத்தில், அதே காலத்தில் ஷெப்பர்டு அண்ட் ஈனோக் பிராட் என்னும் ஆஸ்பத்திரியில் வில்லியம் ரஷ் டன்டன் என்கிற டாக்டர் நோயாளிகளுக்குக் கைவினை வேலைகளை வைத்தியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1917-இல் இந்தத் துறையின் முதல் சங்கத்தை அமைத்தவர்களில் அவர் ஒருவர். அமைத்த அத்தனை பேரும் வெள்ளையர். ஒரு இடத்தில் வேலை என்றால் மனசை ஆற்றும் கலை. இன்னொரு இடத்தில் வேலை என்றால் கூலியில்லா உழைப்பு. இரண்டையும் வைத்தியம் என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டார்கள். 1974-இல் அங்கே கறுப்பினத் தொழில் சிகிச்சையாளர்கள் தங்களுக்கென்று தனி அமைப்புக் கண்டார்கள். 2005-இல் இந்தத் துறைக்குள்ளிருந்தே வந்த ஒரு புத்தகத்தில், ஒரு சாரார் நல்ல வேலையிலிருந்து திட்டமிட்டு ஒதுக்கப்படுவதற்கு 'அக்குபேஷனல் அபார்தைட்' என்ற பேரையே கொடுத்தார்கள். நம் ஊர்க்காரர்கள் அந்தச் சொல்லைப் பயிலரங்கில் உபயோகித்தார்கள், ஆமாம். தென்னாப்பிரிக்காவுக்கு உதாரணம் காட்டினார்கள். ஆம்பூர் கீழே தெரிகிறது, ஜன்னலைத் திறந்தால் போதும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலூருக்கு இந்த விஷயத்தில் உலக அளவில் ஒரு பேர் உண்டு. 1948-இல் பால் பிராண்ட் தொழுநோயில் மடங்கிப்போன கைகளை, தசைநாணை மாற்றிக் கட்டித் திறந்துவிட்டார். 1955-இல் கரிகிரி ஆஸ்பத்திரி வந்தது. யாரும் தொடாத உடம்பைத் தொட்டவர்கள் அவர்கள். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். கை சரியான சிலர் பிராண்டிடம் திரும்பி வந்து, இந்தக் கையை வைத்துக்கொண்டு பிச்சையும் எடுக்க முடியவில்லை, வேலையும் யாரும் தரவில்லை என்று முறையிட்ட கதை பிரசித்தம். அவர் அதைக் கேட்டுக்கொண்டு தச்சு வேலை, பொம்மை வேலை கற்றுக்கொடுக்கிற இடம் ஒன்று உண்டாக்கினார். கையைச் சரிபண்ணினால் போதாது, ஊரைச் சரிபண்ண வேண்டும் என்று நோயாளிகளே டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்த இடம் இந்த ஜில்லா. நோயின் தீட்டு பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. சாதித் தீட்டு ஏறவில்லை.

அந்தத் தொழுநோய் வைத்தியத்தில் பாதி, செருப்பு. காலில் உணர்ச்சி செத்துவிட்டால் கல் குத்தினாலும் தெரியாது, புண்ணாகி, எலும்பு வரை போய், கடைசியில் காலையே எடுக்க வேண்டி வரும். அதைத் தடுக்க எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பரில் செருப்பு. ஆணி அடிக்கக் கூடாது, ஆணி உள்ளே ஏறினாலும் அவருக்குத் தெரியாது. ஒட்டவும் தைக்கவும் மட்டும்தான். என் சின்னத் தாத்தா ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் இந்தச் செருப்புத் தைத்தார். ஆள் கழற்றிப் போட்ட பழைய செருப்பைத் திருப்பிப் பார்ப்பார். எந்த இடம் அதிகம் தேய்ந்திருக்கிறதோ அங்கே விரலை வைத்து, "இன்னும் ஒரு மாசத்துல இங்க புண்ணு வரும் பாரு" என்பார். வரும். வெள்ளைக்காரர்கள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். அவர் ரிட்டையர் ஆனபோதும் பேரேட்டில் 'ஷூ மேக்கர்', கடைசிப் படிச் சம்பளம். அவர் கையிலிருந்தது வைத்தியம் இல்லையென்றால் வேறு எது வைத்தியம்? அதையே இன்னொருத்தர் ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதினால் நிபுணர். தோலைத் தொட்ட கை என்பதால் சின்னத் தாத்தா தொழிலாளி. அவர் பேத்தி முறையாகிற என் அக்கா மகள் பட்டத்தோடு போய் நின்றால் 'குடும்பத் தொழிலா?' என்று சிரிப்பு. குடும்பத் தொழில்தான்! அறுந்துபோகிற கால்களை நிறுத்தி வைத்த குடும்பம்.

2021-இல் பார்லிமென்ட் துணை மருத்துவத் துறைகளுக்கென்று தேசியக் கமிஷன் சட்டம் நிறைவேற்றியது. தொழில் சிகிச்சையும் அதில் இருக்கிறது. பாடத்திட்டம், பதிவேடு, தரம் எல்லாம் அதன் பொறுப்பு. அப்படியானால் எண்ணிக் காட்டட்டும்: ஒவ்வொரு கல்லூரியிலும் தலித், பழங்குடி மாணவர் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், ஆசிரியர் எத்தனை பேர், அருந்ததியர் எத்தனை பேர். டெல்லி எய்ம்ஸில் சாதிக் கொடுமையை விசாரித்து 2007-இல் தோரட் கமிட்டி அறிக்கை கொடுத்தது. 2019-இல் பம்பாயில் டாக்டர் பாயல் தாட்வி என்கிற பழங்குடிப் பெண் செத்த பிறகு நாலு நாள் எல்லோரும் பேசினார்கள். டாக்டர் படிப்பு என்றால் செத்தாவது செய்தி ஆகலாம். தெரபி படிக்கிற பிள்ளை சாவதில்லை. ரயில் ஏறிப் போய்விடுகிறது. அந்தக் கல்லூரிகளுக்கும் ஒரு கமிட்டி போக வேண்டும். போனால் முதலில் உள்மதிப்பீட்டு மார்க்கைக் கேட்கட்டும், அடுத்து ஊட்டிவிடுகிற வகுப்பில் யார் யார் நோயாளியாகப் படுத்தார்கள் என்று கேட்கட்டும்.

மலையிலிருந்து கொண்டுவந்த படிவங்களை ஒரு மாசத்தில் முடித்துக் கொடுத்தேன். 'தொழில் வரலாறு' என்ற பகுதியில் மூலத்தில் இரண்டே கேள்விகள்: இப்போது என்ன வேலை, முன்பு என்ன வேலை. நான் அதன் கீழே மூன்று வரி சேர்த்தேன். இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்? வேறு எந்த வேலைக்குப் போக ஆசைப்பட்டீர்கள்? போக விடாமல் தடுத்தது எது?

அம்மாவிடம் காட்டினேன். மடங்கின நடுவிரலால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "மூணாவதுக்கு எழுத இடம் கம்மியா உட்டுக்கீறியே" என்றாள். கோடுகளைக் கூட்டி அனுப்பினேன்.

பதினைந்து நாளில் திரும்பி வந்தது. மூன்று வரியையும் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் 'மூலத்தில் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். நீக்கிவிட்டு அனுப்பினால் பணம் தருவதாகக் கடிதம். நான் நீக்கவில்லை. படிவம் என்னிடம்தான் இருக்கிறது, கூலி அவர்களிடம் இருக்கிறது.